புரியவில்லை என்று சொன்ன இயந்திரம்

ஜனவரி 8

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலமாகத்தான் இருக்கிறேன். அந்த ஊர்க் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆய்வுக்கூடமே கதி என்று கிடக்கிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். நம் வீட்டின் அளவு உனக்குத் தெரியும். எங்கே நின்று பேசினாலும் உன் அத்தான் காதில் விழும். அவர் படுத்திருக்கும்போதே அவரைப் பற்றி யாரோ மூன்றாம் மனுஷரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேச எனக்கு நாக்கு எழவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். பக்கவாதம் வலது கையையும் காலையும் பிடித்திருக்கிறது. கால் மெல்லத் திரும்பும் என்கிறார் டாக்டர். பேச்சைப் பற்றி அப்படி எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது. சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது. வாய்க்கு வரும் வழியில் எங்கேயோ அறுந்துவிட்டது. எதைக் கேட்டாலும் "ஆமா" மட்டும்தான் வருகிறது. தண்ணீர் வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா. தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவருக்கே தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம்.

ஆகாசம் அண்ணன் வந்திருந்தார். துறைமுகத்தில் கீழே நின்று கையசைத்துக் கிரேனை நடத்துவது உன் அத்தானின் வேலை. மேலே கூண்டில் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவர் இவர். எப்போதும் உயரத்திலேயே இருப்பதால் துறைமுகமே சேர்ந்து வைத்த பெயர்தான் ஆகாசம். தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். "சீக்கிரம் எந்திரிச்சிடுவே மாப்ளே" என்றார். இவர் "ஆமா" என்றார். பிறகு இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரமும் வந்தார். அப்போதும் அதேதான்.

நான் கண்ணாடிக் கடை வேலைக்குக் காலையில் மட்டும் போகிறேன். கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்துக்கொள்கிறாள். கவலைப்படாதே, சமாளிக்கிறேன்.

உன் அக்கா

---

ஜனவரி 27

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன், திட்டாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ முதுகுவலிக்கு மருந்து போடுகிறாயா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். இப்படிப் பேச்சு போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ரோபோ ஒன்றைத்தான் நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம். பார்க்க மேசை விளக்கு மாதிரி இருக்கும். கழுத்து உண்டு, முகம் கிடையாது. படம் காட்டும், முதல் எழுத்தை எடுத்துக்கொடுக்கும், எத்தனை தடவை தப்பினாலும் சலிக்காது. சில வீடுகளில் வைத்துச் சோதித்துப் பார்க்கிறோம். நம் வீட்டையும் சேர்த்துக்கொள்ளத் தலைமைப் பொறியாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அத்தானிடம் கேள். அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும் அனுப்புகிறேன். "ஆமா"வை நம்பாதே, முகத்தைப் பார்த்துக் கேள்.

என் வேலைக்காகச் சில கேள்விகள். கட்டிலில் இருந்து பார்த்தால் அவருக்கு என்ன தெரிகிறது? நீ எங்கே உட்காருவாய்? உடம்பு நன்றாக இருந்தபோது அவர் அதிகம் பேசியது யாரோடு?

அன்புடன்,
குட்டி

---

பிப்ரவரி 19

அன்புள்ள குட்டிக்கு,

நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

அத்தானுக்குச் சம்மதம் என்று போனில் சொன்னேனே, உன் விளக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்த பையன் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன மேசையில் திருகி வைத்துவிட்டு, அத்தானுக்கு வணக்கம் சொல்லச் சொன்னான். அது கழுத்தைச் சாய்த்தது. அன்றே கீழ்வீட்டு அம்மா அதற்குத் "தலையாட்டி" என்று பெயர் வைத்துவிட்டாள்.

முதலில் எனக்கு நம்பிக்கை இல்லை. இப்போது சொல்கிறேன், குட்டி, அதிசயம்தான். டம்ளர் படத்தைக் காட்டி "தண்" என்று நிறுத்தும். அத்தான் வாயைக் கோணி, கண்ணை இறுக்கி, கடைசியில் "ணி" என்பார். அது வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்காட்டும். ஒருநாள் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, உள்ளேயிருந்து "கதவு" என்று முழுசாகக் கேட்டது. கையில் இருந்த சாவியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நான் உள்ளே போனால் பயிற்சி தடைப்படுகிறது. அதனால் கதவருகே நின்றுகொள்கிறேன். அவர் அதோடு சிரிக்கிறார். நன்றாகத்தான் சிரிக்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில்: கட்டிலில் இருந்து பார்த்தால் ஜன்னல் தெரியும், அதற்கு அப்பால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். அவர் அதிகம் பேசியது யாரோடு என்று கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். அவர் என்றைக்கு அதிகம் பேசினார்?

உன் அக்கா

---

மார்ச் 6

அக்கா,

நலம்தானே? நான் நலம். இங்கே குளிர் குறைந்துவிட்டது.

"கதவருகே நின்றுகொள்கிறேன்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அத்தான் ரோபோவிடம் எத்தனை வார்த்தை சொன்னார் என்று எங்களிடம் கணக்கு இருக்கிறது. ஏறிக்கொண்டே போகிறது, ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த நேரத்தில் நீ எங்கே நின்றாய் என்று எங்கள் கணக்கில் இல்லை. கட்டிலில் இருக்கிற ஒருவருக்காகத்தான் இதைச் செய்தோம். அவரைச் சுற்றி ஒரு வீடு இருக்கிறது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

சில மாற்றங்கள் செய்து அனுப்புகிறேன். நாளை இணையம் வழியாகத் தானாகவே ரோபோவில் ஏறிவிடும். இனி அறைக்குள் யார் வந்தாலும் அது அவர்கள் பக்கம் திரும்பும். அத்தான் சொல்வது புரியாவிட்டால் ஊகித்துச் சமாளிக்காது. "எனக்குப் புரியல" என்று ஒப்புக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும். நீ கதவைவிட்டு உள்ளே வா. இதை மட்டும் எனக்காகச் செய்.

குட்டி

---

ஏப்ரல் 2

அன்புள்ள குட்டிக்கு,

நீ சௌக்கியமா? இங்கே எல்லோரும் சௌக்கியம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வரிசையாகவே சொல்கிறேன்.

நீ மாற்றி அனுப்பியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் ஏதோ சொல்வார். தலையாட்டி என் பக்கம் திரும்பி, "எனக்குப் புரியல. உங்களுக்குப் புரியுதா?" என்று கேட்கும். எனக்கும் புரியாது. "எனக்கும்தான் புரியல, போ" என்றேன் ஒருநாள் எரிச்சலோடு. அத்தான் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். நோய் வந்த பிறகு என்னைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்தில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். சாயங்காலமானால் இடது கையைத் தூக்கி, சுட்டுவிரலைக் கீழ்நோக்கி நீட்டி, சின்னதாக வட்டம் போடுவார். போட்டுக்கொண்டே இருப்பார். நோயில் விரல் தானாக ஆடுகிறது என்று நினைத்துப் பிடித்துக் கீழே வைத்துவிடுவேன். அவர் மறுபடி தூக்குவார்.

போன ஞாயிறு ஆகாசம் அண்ணன் வந்தார். வழக்கம்போலத் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அத்தானின் விரல் வட்டம் போட ஆரம்பித்தது. தலையாட்டி விரலைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு மெல்லக் கழுத்தைத் திருப்பி அண்ணனைப் பார்த்து, "எனக்குப் புரியல. உங்களுக்குப் புரியுதா?" என்றது.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். தொப்பி தரையில் விழுந்தது.

"இறக்கச் சொல்றான், தங்கச்சி" என்றார்.

"எதை அண்ணே?"

"எதையோ. இறக்கு, இறக்குன்னு சொல்றான். கிரேனுக்குக் காட்டுற சைகை இது. வலது கையில காட்டுவான், இப்ப இடது கையில காட்டுறான்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் நேராக அவர் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் ஜன்னல் திரையை இறக்கினேன். பாதியில் அவர் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்துப் பக்கவாட்டில் வெட்டினார். "நிறுத்து" என்றார் அண்ணன். நிறுத்தினேன். வெயில் அவர் மார்பில் வந்து நின்றது. கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்தார்.

எவ்வளவு நாளாகக் கேட்டிருக்கிறார், குட்டி. நான் கையைப் பிடித்துக் கீழே வைத்திருக்கிறேன்.

அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை நாளும் இவன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தேனே. வேலையில எந்த நாள் இவன் மூஞ்சியப் பார்த்தேன்? அங்கேருந்து பார்த்தா கைதான் தெரியும்" என்றார். இருட்டும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

உன் அக்கா

---

ஏப்ரல் 20

அக்கா,

நலமா? நான் நலமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தரையில் கால் பாவவில்லை.

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். வார்த்தை போன இடத்தில் கை மிச்சமிருக்கிறது. தினமும் செய்து செய்து எலும்புவரை இறங்கிய வேலை அது. அதை நோய் தொடவில்லை.

தலைமைப் பொறியாளர் அம்மாவுக்கு ஒரே பரபரப்பு. "அந்தச் சைகை எல்லாத்தையும் ரோபோவுக்குக் கத்துக்கொடுத்துட்டா அவர் கேட்டது உடனே கிடைக்குமே" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆகாசம் அண்ணனை எல்லாச் சைகையையும் ரோபோ முன்னால் நின்று காட்டச் சொல். அடுத்த மாதம் அத்தான் கை அசைந்தால் போதும், அது வாய்விட்டுச் சொல்லிவிடும். நீ அடுப்படியில் இருந்தாலும் கேட்கும்.

மகிழ்ச்சியோடு,
குட்டி

---

மே 30

அன்புள்ள குட்டிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ அனுப்பிய மாற்றம் நன்றாக வேலை செய்கிறது. "இறக்கச் சொல்கிறார்", "தூக்கச் சொல்கிறார்" என்று அது சொல்லும், நான் செய்துவிடுவேன். வேலை சுலபமாகிவிட்டது. எந்தத் தொந்தரவும் இல்லை.

அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை அதிகம்போல. வருவதில்லை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா

---

ஜூன் 14

சின்னத் தங்கச்சிக்கு,

கிரேன் ஓட்டுகிற ஆகாசம் எழுதுவது. நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நல்லபடியாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்காவிடம் கேட்காமல்தான் எழுதுகிறேன். கீழ்வீட்டு அம்மா விலாசம் கொடுத்தார்.

உன் இயந்திரத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு முதல்முதலாக உன் அத்தானின் சைகையை நான் படித்துச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த வாரம் ஓடிப் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். நீ கேட்டபடி எல்லாச் சைகையையும் உன் இயந்திரத்துக்குக் காட்டினேன். அப்புறம் ஒருநாள் போனால், அவன் கையைத் தூக்கி முடிப்பதற்குள் அந்த விளக்குப் பெட்டி சொல்லிவிட்டது. சரியாகத்தான் சொன்னது. நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

உன் அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று வேலை பார்க்கிறாள். பெட்டி குரல் கொடுத்தால் வந்து, செய்துவிட்டுப் போகிறாள். அவன் இப்போதெல்லாம் கையை அதிகம் தூக்குவதில்லை. ஏன்டா என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "ஆமா" என்றான்.

இன்னொரு விஷயம் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. நான் போகிற பஸ் வழியில், நடமாட முடியாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் உன் அக்காவைப் பார்த்தேன். கையில் அவர்கள் கொடுத்த காகிதங்கள் இருந்தன. "யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணே. என்னால முடியல" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளைக் குறை சொல்கிறவன் மனுஷனே இல்லை. உனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று தோன்றியது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆகாசம்

---

ஜூலை 21

என் அக்காவுக்கு,

உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது.

சோதனைக்காக உங்கள் இருவர் சம்மதத்தோடு அறையில் வைத்த கேமராவிலிருந்து வருகிற வீடியோக்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை ஒலியை அடைத்துவிட்டு. மார்ச்சில் நீ அத்தானைப் பார்க்கிறாய், அத்தான் உன்னைப் பார்க்கிறார், ரோபோ நடுவில் திருதிருவென்று விழிக்கிறது. மே மாதத்தில் ரோபோ அத்தானைப் பார்க்கிறது. உன் முதுகுதான் தெரிகிறது. வேலை எல்லாம் சரியாக நடக்கிறது. ஆனால் அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இரண்டையும் தலைமைப் பொறியாளருக்குப் போட்டுக் காட்டி, சைகைகளை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி நடிக்கச் சொல்றியா? அது ஏமாத்து வேலை" என்றார்.

"நடிக்க வேண்டாம் மேடம். நிஜமாவே தெரியாம இருக்கட்டும். அழிச்சிடலாம்."

"நாம செஞ்சதுலயே பெரிய விஷயம் இதுதான். கண்காட்சியில இதைத்தான் காட்டப் போறோம்."

"இது என்ன செய்யுதுங்கிறத விட, இது வந்த பிறகு அவங்க ரெண்டு பேரும் என்ன செய்றாங்கங்கிறதுதான் முக்கியம்."

அவர் மே மாத வீடியோவை மறுபடி ஓட்டினார். உன் முதுகை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வீட்டில் படுக்கையில் அப்பா இருக்கிறார், அதை அவர் யாரிடமும் அதிகம் சொல்வதில்லை. கடைசியில், "உங்க வீட்டுக்கு மட்டும் மாத்திக்கோ. கண்காட்சி வேலையை வேற ஆள் பார்க்கட்டும்" என்றார். எனக்கு இப்போது வேறு மேசை. பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது, வெளிச்சம் நன்றாக வருகிறது.

நாளை முதல் தலையாட்டிக்கு ஒரு சைகையும் தெரியாது. அத்தான் கையைத் தூக்கினால் அது கையைப் பார்க்கும். பிறகு உன்னைப் பார்க்கும். அவ்வளவுதான். அவர் விழுந்தாலோ மூச்சுத் திணறினாலோ உனக்கு போன் செய்வது மட்டும் மாறாது. உனக்கு வேலை கூடும். மன்னித்துக்கொள். முடியாவிட்டால் ஒரு வரி எழுது, பழையபடி மாற்றிவிடுகிறேன். எதற்காக என்று கேட்க மாட்டேன்.

இன்னொன்று. உன் பக்கத்துத் தெருவில் முதுகுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் உனக்கு நேரம் குறித்திருக்கிறேன். அந்த நாட்களில் பகலில் வந்து இருக்க ஒரு நர்ஸம்மாவையும் பேசிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாதே.

குட்டி

---

செப்டம்பர் 9

அன்புள்ள குட்டிக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா? என் முதுகு பரவாயில்லை. நர்ஸம்மா நல்லவள், வாய்தான் கொஞ்சம் நீளம்.

இவ்வளவு நாளாக எழுதாததற்குக் காரணம் கோபம். முதலில் ஒரு வாரம் உன்னை மனதாரத் திட்டினேன். அடுப்பில் பால் பொங்கும், அவர் கையைத் தூக்குவார், தலையாட்டி கழுத்தை நீட்டி என்னையே பார்க்கும். வாயைத் திறக்காது. "என்னையே ஏன் பார்க்கிறே" என்று அதன் மேல் துண்டைப் போட்டு மூடினேன். துண்டுக்குள்ளும் அது என் பக்கம் திரும்பியது. அத்தான் சிரித்துச் சிரித்து இருமினார்.

வேறு வழியில்லை, அவர் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆகாசம் அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். ஞாயிறுதோறும் வந்து சொல்லிக்கொடுக்கிறார். விரல் மேலே வட்டமிட்டால் தூக்கு. உள்ளங்கையால் வெட்டினால் நிறுத்து. விரல் மிக மெல்லச் சுற்றினால் பைய, பைய. கிரேனுக்கு அவ்வளவுதான் தேவை. வீட்டுக்கு அது போதுமா? நாங்களே புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டோம். கீழ்வீட்டு அம்மா வந்தால் ஒரு சைகை. அதை இங்கே எழுதினால் நன்றாயிருக்காது. "பைய, பைய" என்பதை நான் அவருக்குச் சட்டை மாட்டும்போதும் காட்டுகிறார், நான் வேகமாகப் பேசும்போதும் காட்டுகிறார்.

போன வாரம் எங்களுக்குள் சண்டை வந்தது. பயிற்சிக்கு எழுந்து நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். நான் ஆரம்பித்தேன், விடாமல் பேசிக்கொண்டே போனேன். அவர் கையை நீட்டி ஒரே வெட்டு வெட்டினார். நிறுத்து. இரண்டாம் தடவையும் வெட்டினார். துறைமுகத்தில் ஆள் நசுங்கப்போகும்போது காட்டுகிற அவசர நிறுத்தமாம் அந்த இரட்டை வெட்டு, அண்ணன் பிறகு சொன்னார். நான் வாயை மூடினேன். அப்புறம் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எத்தனை மாதமாக இந்த வீட்டில் நான் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது என்னை எதிர்த்துப் பேச ஓர் ஆள் இருக்கிறார்.

சண்டை முடிகிறவரை தலையாட்டி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

நேற்று ஓரிடத்துக்குப் போய், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த இடம் என்று கேட்காதே.

உன் அக்கா

---

அக்டோபர் 3

அக்கா,

கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பின்னால் எப்போதாவது உனக்கு முடியாமல் போனால், அந்த வாசல் வரைக்கும் நீ தனியாகப் போக வேண்டியதில்லை.

தலைமைப் பொறியாளர் நேற்று என் ஜன்னலோர மேசைக்கு வந்தார். உட்காரவில்லை, நின்றபடியே பேசினார். "இன்னும் நாலஞ்சு வீட்டுக்கு அந்தப் புரியாத மாடலை அனுப்பலாமா?" என்றார். அதில் ஒன்று அவருடைய வீடு.

நான் நலம். இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். மூன்று என்று பொய் சொல்ல மாட்டேன்.

குட்டி

---

நவம்பர் 17

அன்புள்ள குட்டிக்கு,

எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அவசரமாகப் படிக்காதே. உட்கார்ந்து படி.

அத்தான் இப்போது கோலை ஊன்றி நாலு எட்டு நடக்கிறார். அதைப் பார்த்துவிட்டு ஆகாசம் அண்ணனுக்கு ஓர் ஆசை வந்தது. துறைமுக அதிகாரியிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். கப்பல் எதுவும் இல்லாத நாள், கொக்கியில் சரக்கு எதுவும் கூடாது, இப்போது அந்த வேலையைப் பார்க்கிற ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், எல்லோர் தலையிலும் ஹெல்மெட். தலையாட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலை செய்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்திருக்கிறேன், எண்ணெய்க் கறை போகச் சட்டை துவைத்திருக்கிறேன். அவர் எதற்குக் கீழே நின்றார் என்று எனக்குத் தெரியாது. தலையை முழுசாக அண்ணாந்தும் அந்தக் கிரேனின் முனை கண்ணுக்குள் அடங்கவில்லை. கூண்டுக்குள் அண்ணன் ஒரு புள்ளி மாதிரி தெரிந்தார். கடலிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

அத்தானை மஞ்சள் கோடு போட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கோலை என்னிடம் கொடுத்தார். காலை அகட்டி ஊன்றிக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. வீட்டில் நான் பார்த்த மனுஷர் இல்லை அவர். இடது கையைத் தூக்கி விரலைக் கீழ்நோக்கிச் சுற்றினார்.

அவ்வளவு உயரத்தில் என்னவோ முனகியது. பிறகு வானத்திலிருந்து கொக்கி இறங்க ஆரம்பித்தது, குட்டி. தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது கிட்டே வர வர என் உயரம், அப்புறம் என்னைவிட உயரம். அத்தான் விரலை மெதுவாக்கினார். கொக்கியும் மெதுவானது. விரல் நுனிக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத நூல் கட்டியிருந்தது மாதிரி இருந்தது. கையை வெட்டினார். எங்கள் முன்னால், நெஞ்சு உயரத்தில், அது அப்படியே நின்றது. ஆடக்கூட இல்லை. சுற்றி நின்ற ஆட்கள் யாரும் கைதட்டவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாத இடம் அது. ஒருவர் மட்டும் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

நான் அழவில்லை. வாயைத் திறந்தபடி நின்றிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

அத்தான் என்னைப் பார்த்தார். கோலைப் பக்கத்தில் நின்ற ஆளிடம் கொடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். என் கையைத் தூக்கி, மற்ற விரல்களை மடக்கி, சுட்டுவிரலை மட்டும் வானத்தைப் பார்க்க நிறுத்தினார். பிறகு கையை விட்டுவிட்டார்.

விரலைச் சுற்றினேன். பயந்து பயந்து, மிகச் சின்னதாக. மேலே புள்ளியாகத் தெரிந்த அண்ணன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கி அசைந்தது. என் முகத்தைத் தாண்டியது. தலையைத் தாண்டியது. அவ்வளவு பெரிய இரும்பு, என் ஒரு விரல் சொல்லி, மேலே மேலே மேலே போனது. வெளிச்சத்தில் அது கறுப்பாகிச் சின்னதாகிற வரைக்கும் சுற்றிக்கொண்டே இருந்தேன். நிறுத்தவும் நான்தான் சொல்ல வேண்டும் என்று நினைவு வந்தபோது, பக்கத்தில் அத்தான் ஏற்கனவே கையை நீட்டியிருந்தார். நானும் நீட்டினேன். இரண்டு கையும் ஒன்றாக வெட்டின.

இதற்கு மேல் எழுத வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பி.கு.: உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றதும் அத்தான் உனக்காக ஒரு சைகை காட்டினார். அண்ணனுக்கும் அது தெரியவில்லை, புதிது. எனக்குப் புரிந்தது. அதைக் காகிதத்தில் எழுத முடியாது. வந்து பார்த்துக்கொள்.